அம்மாக்களின் திட்டு

நால்வர் ஆடும் கார்டு ஆட்டத்துக்காக நிரஞ்சன் சேர்த்துக்கொண்டிருந்த கட்டு முழுவதும் அம்மாக்களின் திட்டு. ஒவ்வொரு கார்டிலும் எந்த ஊரிலோ ஓர் அம்மா விற்ற திட்டு இருக்கும். தட்டினால் அவள் குரலிலேயே வந்து விழும், எதிராளியின் பலம் சரியும். விற்றவள் அதன்பிறகு யாரையும் திட்டக் கூடாது என்பது கார்டு கம்பெனியின் விதி. அதைப் படித்து நண்பர்களோடு சிரித்திருக்கிறான்.

கட்டு நிறைய ஒரு கார்டுதான் பாக்கி. புதிய பாக்கெட்டைப் பிரித்து, தங்க விளிம்பு போட்ட கார்டைத் தட்டினான்.

"ஈரத்துண்டைக் கட்டில்ல போடாதன்னு எத்தனை வாட்டி சொல்றது நிரஞ்சா? நான் செத்தாத்தான் உனக்கு உறைக்கும்."

அது அவன் அம்மாவின் குரல். ஒரு வருடமாக அம்மா அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. வயதாகிச் சாந்தமாகிவிட்டாள் என்றல்லவா நினைத்திருந்தான்.

கார்டோடு படுக்கையறைக்கு ஓடினான். கட்டிலில் அவன் போட்டிருந்த ஈரத்துண்டை அம்மா பேசாமல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரே ஒரு தடவை என்னைத் திட்டும்மா."

அம்மா வாயைத் திறந்தாள். அவன் கையிலிருந்த கார்டைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"அதையே இன்னொரு வாட்டி தட்டிக்கோடா," என்றாள். "அதுல மனசாரத் திட்டியிருக்கேன்."