பனியில் சிக்கிய கல்யாணக் கார்

மலைப்பாதையில் கணுக்கால் ஆழப் பனி. மணப்பெண் டோல்மா ஓட்டிவந்த கார் ஏற்றத்தில் சிக்கிக்கொண்டது. சக்கரம் வேகமாகச் சுழலப் பார்த்தபோதெல்லாம், சறுக்காமல் காக்கும் கருவி இன்ஜினை அடக்கியது.

“விடுங்கண்ணே, சுழன்றாத்தான் ஏற முடியும்,” என்று சக்கரம் அந்தக் கருவியிடம் கெஞ்சியது.

“சறுக்கிட்டா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“அரை மணி நேரமா ஓரடிகூட நகரலையே! அங்கே மாப்பிள்ளை காத்திருக்காரு.”

டோல்மா பட்டனை அழுத்தி அந்தக் கருவியை அணைத்தாள். சக்கரம் பனியை வாரி இறைத்தது. கார் ஆடி அசைந்து உச்சிக்கு ஏறியது. அவள் வாய்விட்டுச் சிரித்தபடி பட்டனை மீண்டும் அழுத்தினாள்.

கண்விழித்த கருவி பதறியது. “சறுக்கினியா?”

“மூணு தடவை! ஜாலியா இருந்துச்சு. இனி இறக்கம், கெட்டியாப் பிடிச்சுக்குங்கண்ணே.”

கீழே மேளம் முழங்கத் தொடங்கியது.