வெளியே பார்

“நாளைக்குக் கண்டிப்பா வந்துடுங்க. இன்னும் எத்தனை நாள் வீட்டுல மறைப்பீங்க?”

கணவன் குளித்துக்கொண்டிருந்தபோது அடித்த அவனுடைய செல்போனைக் காதில் வைத்தவள், வாயைத் திறக்குமுன் கேட்டது இவ்வளவுதான். பெண் குரல். இவள் “யாரு?” என்றதும் இணைப்பு அறுந்துவிட்டது.

இப்போது இருவர் மட்டுமே உட்காரும் சின்ன விமானத்தில், அவன் பக்கத்திலேயே இருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

விமானியான அவன்தான் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். ஏறியதும் கருவிப் பலகையைத் துண்டு போட்டு மூடிவிடுவான். முள்ளைப் பார்த்தே ஓட்டினால் கண் சோம்பேறியாகிவிடுமாம். வெளியே தெரிகிற அத்தனையையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். ஆறு, ரயில் பாதை, தண்ணீர்த் தொட்டி என்று அவளும் ஒப்பிப்பாள்.

“தப்புப் பண்ணினா பிடிக்கத்தான் என் கை இருக்கே” என்பான். அந்தக் கையை நம்பித்தான் அவள் மேலே ஏறினாள்.

இன்று அவள் வாயே திறக்கவில்லை.

“என்ன கேப்டன், இன்னிக்கு ரேடியோ ரிப்பேரா?”

“பேசினா சண்டை வரும்.”

“அதைக் கீழே போய் வச்சுக்கலாம். வெளியே என்ன தெரியுது, சொல்லு.”

“யாருங்க அவ? காலையில போன்ல பேசினவ?”

அவன் முகம் வெளிறிப்போனது. “நீ நினைக்கிற மாதிரி இல்ல. அப்புறம் சொல்றேன். முதல்ல இறக்கு.”

அந்த ‘அப்புறம்’ போதும் அவளுக்கு. இறங்கியதும் நேரே அம்மா வீடுதான் என்று முடிவுகட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு விமானத்தை ஓடுபாதைக்கு நேராகத் திருப்பித் தாழ்த்தினாள்.

ஓடுபாதையின் நட்டநடுவே புல் வெட்டுகிற டிராக்டர் ஒன்று நின்றிருந்தது. பட்டப்பகலில், ஆரஞ்சு நிறத்தில், யானை மாதிரி.

இதற்காவது அந்தக் கை வரும் என்று ஒரு நொடி காத்திருந்தாள். வரவில்லை. அவளே வேகத்தைக் கூட்டி விமானத்தைச் சட்டென்று மேலே தூக்கினாள்.

டிராக்டர் இருந்த பக்கமே பார்த்தபடி அவன் கேட்டான்:

“ஏம்மா தூக்கிட்டே? பாதை காலியாத்தானே இருக்கு?”