கல்லறைத் திருநாள் படம்

கல்லறைத் திருநாளன்று மாலை ஐந்து மணிக்குப் பொம்மிடியில் ஃபிராங்க்ளின் தன் பங்காளியை வெட்டிக் கொன்றதைக் கண்ணால் பார்த்ததாகச் சென்றாயன் சாட்சி சொன்னார். அதே நேரத்தில் மகன் தங்கள் ஊரில் தன்னோடு தகப்பன் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தான் என்றாள் மிக்கேலம்மாள். அவள் சொன்னது பொய். அன்று அவள் தனியாகத்தான் போயிருந்தாள். பெற்றவள் சொல் எடுபடவில்லை. ஆயுள் தண்டனை விழுந்தது.

மேல்முறையீட்டில் வக்கீல் ஒரு படத்தைக் கொடுத்தார். ஊர்க்காரர் ஒருவரின் போனில் கிடந்தது. அதே திருநாள் தேதி, மணி 5.04. காற்றுக்குச் சுடரைக் கையால் மறைத்தபடி மிக்கேலம்மாளின் அருகில் ஃபிராங்க்ளின் நின்றான். படத்தில் ஒட்டுவேலை எதுவும் இல்லை என்று ஆய்வகம் சொன்னது. சென்றாயனை நம்ப முடியாதென்று நீதிபதிகள் ஃபிராங்க்ளினை விடுதலை செய்தார்கள்.

"நான் பார்த்தது நெசங்க ஆத்தா," என்று கோர்ட் வாசலில் அழுதார் சென்றாயன். அவளால் அவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஃபிராங்க்ளின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கு நான் பொம்மிடியிலதான இருந்தேன். இது யாரும்மா?"

அவள் அவனுக்குச் சோறு போட்டாள். பிறகு இன்னொரு தட்டிலும் போட்டு மூடி வைத்தாள்.

"அது யாருக்கு?"

"கல்லறைக்கு வந்தவன் இன்னும் வூட்டுக்கு வரலையேடா."