கன்னிமூலைக் கிணறு

"கிணறு கன்னிமூலையில இருக்கு, கவனிச்சேளோ?" என்று காபி டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டாள் விசாலாக்ஷி.

வீடு பார்க்க வந்திருந்த தி.நகர் பாத்திரக்கடைக்காரர் டம்ளரை வாங்காமல் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார். அவர் மனைவி அவரையே பார்த்தாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்கோ. குடும்பத் தலைவருக்குத்தான் ஆகாதும்பா. மத்தவாளுக்கு ஒரு குறையும் வராது."

போதாதா? குடும்பத் தலைவர் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

அந்த வருஷம் பட்டணம் முழுக்க வாஸ்து ஜுரம்; தென்மேற்கான கன்னிமூலையில் பள்ளம் இருந்தாலே ஆகாது என்று பேச்சு. நன்றாக இருந்த சமையலறையை இடித்து வேறு மூலைக்கு நகர்த்தியவர்கள்கூட உண்டு. விசாலாக்ஷிக்கு அதில் துளி நம்பிக்கை கிடையாது. வாஸ்துவாவது மண்ணாங்கட்டியாவது! வாடகைக்கு வந்த நாளாக அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அவள் வீட்டுப் பருப்பு வேகிறது.

ஆனால் மயிலாப்பூரை விட்டுப் போகச் சொன்னால் அவளுக்கு மூச்சே நின்றுவிடும். பிறந்தது சித்திரக்குளத்தருகே, வாழ்க்கைப்பட்டது மாட வீதிக்குப் பின்னால் இந்தச் சந்தில். இப்போது வீட்டுக்காரர் குருபிரசாத் வீட்டை விற்கப் போகிறாராம்.

அவள் கணவர் ஸ்ரீரங்கனுக்கு ஆபீஸில் கிடைக்கும் வீட்டுக் கடனுக்கு அடையாறில் ஒரு குளியலறை வரும். அபிராமபுரத்தில் என்றால் கார் ஷெட். அதனால் மனுஷர் ஞாயிறுதோறும் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறித் தெற்கே போய்க்கொண்டிருந்தார். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று ரயில் போகப் போக விலை இறங்கியது.

"இன்னும் கொஞ்சம் போனா விழுப்புரத்தில அரண்மனையே கிடைக்கும்" என்று அவள் முகவாய்க்கட்டையைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

விலை இறங்குகிற ஊரைத் தேடி அவர் அலையட்டும். இருக்கிற ஊரிலேயே விலையை இறக்கிக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் சபதம் போட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஸ்ரீரங்கனிடமா? அவர் வாயில் ரகசியம் தங்காது. மறுநாளே குருபிரசாத்திடம் போய் உளறிக் கொட்டிவிடுவார்.

வந்தவர்கள் எல்லாரும் அவள் காபியைக் குடித்தார்கள், கிணற்றைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஒவ்வொருவராகப் போகப் போக வீட்டின் விலையும் இறங்கிக்கொண்டே வந்தது.

இன்றைக்குப் பாத்திரக்கடைக்காரரும் போயாயிற்று. தரகர் ஷஃபியுல்லா வாசற்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா மாமி இது, வர்ற பார்ட்டிய எல்லாம் கெளப்பி வுட்டுக்கினே கீறீங்களே!"

"நன்னா இருக்கே! பொய் சொல்லி விக்கச் சொல்றேளா?"

அப்போதுதான் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் குருபிரசாத். தரகரின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அலுத்துப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாமி, ஆளை விடுங்கோ. மாமாவுக்கு ஆபீஸ்ல எவ்வளவு லோன் தராளோ அதையே குடுத்துட்டு, இந்த ஆத்தை நீங்களே எடுத்துக்கோங்கோ."

கபாலீசா! விசாலாக்ஷிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ஏன்னா, சித்த இங்கே வாங்கோளேன்!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்ரீரங்கன் உள்ளேயிருந்து வந்தார். சங்கதியைக் கேட்டுக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ சார். எங்களுக்கு வேண்டாம். போன ஞாயித்துக்கிழமையே வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கத்தில ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

விசாலாக்ஷி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரைக் கேட்டுண்டு குடுத்தேள்?"

ஸ்ரீரங்கன் அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீ என்கிட்ட வாய் திறக்கலைன்னா எனக்குத் தெரியாதா? வர்றவா ஒருத்தர் விடாம அந்தக் கிணத்தைப் பத்திச் சொல்றியே, உள்ளேர்ந்து கேட்டுண்டுதான் இருக்கேன். எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு இத்தனை வருஷமா பயந்துண்டே இருந்திருக்கே, அசடு! எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாதுடி. உனக்காகத்தான்."

விசாலாக்ஷி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட மனுஷர் முகத்தில் இத்தனை பெருமை இருந்ததில்லை.

"ஊரப்பாக்கத்துக்கு எத்தனை மணிக்கு வண்டி?" என்று கேட்டாள்.