மூன்றாவது மூச்சு

“பாப்பாவை யோகா போட்டிக்கு அனுப்பிடலாம் டீச்சர்” என்றாள் அம்மா. வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முடிவெடுத்துவிட்டாள்.

யோகா டீச்சர் கொஞ்சம் தயங்கினார். “இப்ப என்ன அவசரம்?”

“ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் பரீட்சைன்னா கை நடுங்கும், எடுத்ததுக்கெல்லாம் அழுவா. இப்ப எதுக்கும் அசர்றதில்ல. எல்லாம் உங்க மூச்சுப் பயிற்சிதான்னு பக்கத்து வீட்டுல அடிச்சுச் சொல்லிட்டேன்.”

“இங்கேர்ந்து நேரா வீட்டுக்கா போறா?”

“வீட்டுக்கா? ஆறு மணிக்குக் கணக்கு ட்யூஷன், ஏழரைக்கு கீபோர்டு. காலையில அஞ்சரைக்கே நீச்சல். ஒரு நிமிஷம் வீணாகாது.” அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. “சரி, என்னென்ன ஆசனம் கத்துக்கிட்டா? ஃபார்ம்ல எழுதணும்.”

டீச்சர் அவளை உள்ளே அழைத்துப் போனார். பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் வில்லாய் வளைந்துகொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு பாயில், பள்ளிச் சீருடைகூட மாற்றாமல், அவள் மகள் அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே டீச்சரின் சால்வை.

“முதல் நாள் படுக்க வெச்சு, மெதுவா மூச்சை இழுத்து விடும்மான்னேன். மூணாவது மூச்சுல தூங்கிட்டா. எழுப்ப மனசு வரல. ரெண்டு மாசமா தினமும் இதேதான்.”

அம்மாவின் கைப்பேசி ட்யூஷன் நேரத்தை நினைவூட்டிச் சிணுங்கியது. சட்டென்று அதை அமுக்கினாள். சால்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்து, கணக்கு சாருக்கு ஃபோன் போட்டாள்.

“சார், பாப்பா இனிமே ட்யூஷனுக்கு வரமாட்டா. யோகாவை இன்னும் ஒரு மணி நேரம் கூட்டியிருக்கோம்.”