முன்சீட்டு மோகனா

பஞ்சாட்சரத்தோட பிக்கப் ஒர்க்‌ஷாப்புக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே அதோட சத்தம் நுழைஞ்சிடுச்சு. மாவு மில்லுக்கு சக்கரம் மொளைச்சு ரோட்ல வர்ற மாதிரி ஒரு ஊளை.

மெக்கானிக் சுஹேல் எட்டிப் பாத்தாரு. ஸ்டியரிங்ல பஞ்சாட்சரம். பக்கத்து சீட்ல, வழக்கம்போல, பொண்டாட்டி மோகனா.

“வந்துட்டாங்கப்பா சிஐடி அம்மா!”

ஆம்பூருக்கே தெரிஞ்ச கதைதான். பஞ்சு ஷூ கம்பெனிக்கு லெதர் ஏத்தினாலும் மோகனா கூட போவா. ராணிப்பேட்டை போனாலும் போவா. கேட்டா, “ஆம்பளைங்கள நம்ப முடியுதா?”ன்னுவா. வேலூர் ஜெயில்ல கெடந்தாக் கூட பொண்டாட்டி எப்பவாவதுதான் பாக்க வரும், பஞ்சுவுக்கு அந்தக் குடுப்பினையும் இல்லன்னு ஸ்டாண்டுல சிரிப்பாங்க.

“இன்னா பஞ்சு, வண்டி இப்படி அழுவுது?”

பஞ்சு வாயத் தெறக்கறதுக்குள்ள மோகனா முந்திக்கிட்டா. “முன் சக்கரம் பாய். சாயங்காலத்துக்குள்ள லோடு ஏறலன்னா கம்பெனி வேதாசலம் சார் வேற வண்டி வெச்சிடுவாரு.”

“வண்டி ஓட்டுறது அவனா, நீயா? அவன் பேசட்டுமே!”

“அவரு பேசினா சிரிச்சு சிரிச்சுப் பேசுவாரு. அதான் பேஜாரு.”

“எந்தப் பக்கம்னு ஓட்டிப் பாத்தாதான் தெரியும். நான் அவன் பக்கத்துல ஒக்காந்து கேக்குறேன். நீ எறங்கும்மா.”

“நானும் வரேன்.”

“எங்க ஒக்காருவ, கியர் மேலயா? ஒரு ரவுண்டும்மா. நான் கூட இருக்கறப்ப எவ வந்து தூக்கிட்டுப் போயிடப் போறா?”

மோகனா எறங்கினா. மொகம் செத்துப் போச்சு. “மெயின் ரோட்டுக்குப் போவாதீங்க பாய்.”

சர்வீஸ் ரோட்ல வண்டி ஊளையிட்டுப் போச்சு.

“பஞ்சு, ஸ்டியரிங்க ரைட்ல ஒடி. பாரம் லெஃப்ட் சக்கரத்துக்கு வரும். பேரிங் போயிருந்தா சத்தம் ஜாஸ்தியாவும்.”

பஞ்சு நேராவே போனான். மொகத்துல சிரிப்பு.

“அடேய், ரைட்ல ஒடிடா!”

நேராத்தான் போனான்.

சுஹேலுக்குக் குறும்பு. “பஞ்சு, இந்த வண்டிய எனக்கு சும்மா எழுதிக் குடுத்துடுறியா?”

“செஞ்சிடலாம் பாய்.”

“உன் மாமியாரயும் சேத்து?”

“செஞ்சிடலாம், செஞ்சிடலாம்.”

அப்பப் பாத்து பின்னாடி டவுன் பஸ்ஸு ஒண்ணு காது கிழியற மாதிரி ஹாரன் அடிச்சுது. பஞ்சு அசையல. சுஹேல் தோளப் புடிச்சு உலுக்கின பெறகுதான் ஓரமா ஒதுங்கி ஓட்டினான்.

சுஹேலுக்கு சிரிப்பு நின்னுடுச்சு. அவரே ஸ்டியரிங்க ரைட்ல லேசா இழுத்துப் பாத்தாரு. ஊளை ரெண்டு பங்காச்சு. லெஃப்ட் சக்கரம்தான்.

ஒர்க்‌ஷாப்புல ஜாக்கி போட்டு, சக்கரத்த மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டினாரு. விழப் போற பல்லு மாதிரி ஆடுச்சு. கழட்டினா, பேரிங் வெந்து நீலம் பாஞ்சு கெடக்கு. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா சக்கரம் ஒரு வழி, பஞ்சு ஒரு வழி.

பழைய பேரிங்க பஞ்சு கையில குடுத்து, எதிர் சந்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையக் கை காட்டினாரு. பஞ்சு நடந்தான். மோகனா நின்ன எடத்துலயே நின்னா.

“இன்னா தங்கச்சி, நடந்து போனா மட்டும் காவல் இல்லியா?”

அவ கண்ணு சந்துப் பக்கமே இருந்துச்சு. சுஹேல் கொரலத் தாழ்த்தினாரு.

“அவனுக்கு எப்பலருந்தும்மா காது கேக்கல?”

மோகனா சுத்தி முத்தி பாத்தா. “முன்னாடி தோல் பேக்டரில, தோலப் போட்டு சுத்தற ட்ரம் பக்கத்துலயே வேல பாய். அந்த எரைச்சல்ல கொஞ்சம் கொஞ்சமா கம்மியாயிடுச்சு. வேதாசலம் சாருக்குத் தெரிஞ்சா லோடே கெடையாது.”

“காதுக்கு மிசின் வெக்கலாமே?”

“மொதல்ல அவரு ஒத்துக்கணுமே! எனக்கே தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்காரு. வாயத் தெறந்து சொல்ற அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிடுவேன். அதுவரைக்கும் ஹாரன் கேட்டா நான்தான் தொடையில கிள்ளுவேன். எவளையோ பாத்துட்டாருன்னு கிள்ளுறேன்னு நெனச்சு, நல்ல புள்ளயாட்டம் ஓரமாப் போவாரு.”

“ஊரே உன்னச் சந்தேகப் பிராணின்னு சிரிக்குதும்மா.”

“என்னப் பாத்துதானே சிரிக்குது? சிரிக்கட்டும்.”

சுஹேல் திரும்பி கிரீஸ் டப்பாவத் தேடி எடுத்தாரு.

பஞ்சு புது பேரிங்கோட வந்தான். சுஹேல் கிரீஸ தாராளமா அப்பி, தட்டி எறக்கி, சக்கரத்த மாட்டிச் சுத்தி விட்டாரு. பூனை நடக்கற மாதிரி சுத்துச்சு.

அந்த நேரம் பாத்து பைக்ல வந்து எறங்கினாரு வேதாசலம்.

“யோவ் பஞ்சாட்சரம், லோடு காத்துக் கெடக்கு, இங்க இன்னா பண்ற?” அதுக்குள்ள முன்சீட்ல ஏறி ஒக்காந்துட்ட மோகனா கண்ணுல பட்டா. “இது இன்னா கம்பெனி வண்டியா, கல்யாண வண்டியா? இனிமே டிரைவர் மட்டும்தான் வரணும். கூட ஆளு வந்தா லோடு கெடையாது!”

மோகனா எறங்காம கதவ இறுக்கிப் புடிச்சுக்கிட்டா.

சுஹேல் ஸ்பேனரக் கீழ போட்டுட்டு ஓடியாந்தாரு. “சார்! சார்! இவனையா தனியா உள்ள விடப் போறீங்க? உங்க கம்பெனில தைக்கற பொண்ணுங்க எத்தினி பேரு! இந்தத் தங்கச்சி இல்லாம ஒரு நாள் இவன் உள்ள வந்தான்னா, அப்புறம் நடக்கறதுக்கு நான் பொறுப்பில்ல. சரியான பொம்பளப் பொறுக்கி சார் இவன்!”

வேதாசலம் வெலவெலத்துப் போயி திரும்பினாரு. “இன்னாயா இது, நெசமா?”

ஒரு வார்த்தையும் காதுல விழாத பஞ்சாட்சரம், பல்லு மொத்தமும் தெரிய சிரிச்சான். “ஆமா சார். ஆமா சார்.”

“அய்யய்யோ!” வேதாசலம் அலறினாரு. “வெக்கமே இல்லாம ஒத்துக்கறான் பாரு! அம்மா மோகனா, நீ தெனம் வந்துடும்மா!”