வினியின் கடைசிக் கேள்வி

"ஒசாகான்னு எழுதுங்க, வினி. யோசிக்கவே வேண்டாம்" என்றார் ஷின்.

வினி பென்சில் நுனியைக் கடித்தார்.

அந்த ஆங்கிலேய ஊரின் பப்பில் வியாழன்தோறும் வினாடி வினா. இருபத்திரண்டு வருஷமாக விடாமல் வருகிறார், பாவம், ஒருமுறைகூட வெற்றிக் கோப்பையைத் தொட்டதில்லை. நாளைக்கு நியூசிலாந்துக்கு, மகள் வீட்டுக்கே போய்விடப் போகிறார். இன்று விட்டால் விட்டதுதான்.

கசாப்புக்கடை டெரெக்கின் அணியும் இவர்கள் அணியும் சமமாக நின்றன. மிச்சம் ஒரே கேள்வி: புகழ்பெற்ற பிரிட்டிஷ் நாவலாசிரியர் ஹிசாவோ டமாகி ஜப்பானில் எந்த ஊரில் பிறந்தார்?

"ஏதோ பழைய பேப்பர்ல வகயாமான்னு படிச்ச ஞாபகம், கண்ணு..." என்று இழுத்தார் வினி.

"ஒசாகா."

ஷின்னின் மனைவி ரூத் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேஜைக்கடியில் ஷின் அவர் காலை மெல்ல மிதித்தார்.

"என்ன வினி, ஜப்பான்காரரைப் பக்கத்துலயே உட்கார வச்சிருக்கீங்க! கள்ளாட்டம்!" என்று அடுத்த மேஜையிலிருந்து கத்தினார் டெரெக்.

"அவர் அஞ்சு வயசுலயே இங்க வந்துட்டார். போன வருஷம்தான் நம்ம ஊருக்குக் குடிவந்தார். ஆனா உன்னைவிட நல்லா டீ போடுறார். நீ உன் தாளைப் பாரு!"

பப்பே சிரித்தது. டெரெக் முகம் சிவந்து 'டோக்கியோ' என்று எழுதினார்.

"நிஜமாவே தெரியுமா, ஷின்?"

"தெரியும். என்னை நம்புங்க."

வினி எழுதிவிட்டார்.

கேள்வி கேட்கும் கோர்டன் விடை அட்டையைப் புரட்டினார். அட்டையில் இருப்பதுதான் தீர்ப்பு. எதிர்த்துப் பேசுவது அங்கே மரியாதையில்லை.

"ஒசாகா!"

வினி கோப்பையைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு அழுதார். டெரெக்கே எழுந்து வந்து அவருக்கு ஒரு கிளாஸ் சைடர் வாங்கிக் கொடுத்தார் என்றால் பாருங்களேன்.

வீட்டுக்கு நடக்கும்போது ரூத் கேட்டார்: "வினி சொன்னதுதானே சரி? வகயாமாவுல பெத்த பிள்ளையை இப்படி ஒசாகாவுல பிறக்க வச்சிட்டியே, உங்கம்மா கேட்டா சும்மா விடுவாங்களா?"

"கோர்டன் புத்தக அட்டையைப் பார்த்துத்தானே கேள்வி எழுதுவார், ரூத்? ஹிசாவோ டமாகிங்கிற பேர்ல நான் எழுதின அத்தனை நாவல்லயும் முப்பது வருஷமா அப்படித்தானே தப்பா அச்சடிக்கிறாங்க!"